ஷிப்மெண்ட் ஏன் தள்ளிப்போகிறது? திட்டமும் சட்டமும் சந்திக்கும் இடம்

எக்ஸ்போர்ட் தொழிலில் இருப்பவர்களிடம் ஷிப்மெண்ட் ஏன் தாமதமாகிறது என்று கேட்டுப் பாருங்கள். நூல் விலை, ஆள் பற்றாக்குறை, கரண்ட் கட், கப்பல் கிடைக்கவில்லை என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் இரண்டு காரணங்கள் பெரும்பாலும் வருவதே இல்லை. ஒன்று, வேலையை நாள் குறித்து நடத்தும் முறை. மற்றொன்று, சட்டப்படி நடப்பது. முதலாவதை, ஆர்டரைத் தொடர்ந்து கவனிக்கும் மெர்ச்சண்டைசர் எக்செல் ஷீட்டில் பார்த்துக்கொள்வார், இரண்டாவதை ஆடிட் வரும்போது எச்.ஆர். பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

இந்த இரண்டும் இரண்டு மேசைகளில் கிடப்பதால்தான் பாதி ஷிப்மெண்ட்கள் தடுமாறுகின்றன என்பது என் கருத்து. ஏன் என்பதைத் திருப்பூர் பின்னலாடைத் தொழிலை வைத்து, தொழிலுக்குப் புதிதாக வருபவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் முகூர்த்த நாள் முடிவாகிறது. அப்புறம் எல்லாம் அதிலிருந்து பின்னோக்கித்தான். மண்டபம் இந்தத் தேதிக்குள், பத்திரிகை இதற்குள், ஜவுளி இதற்குள், சமையல்காரருக்கு அட்வான்ஸ் இதற்குள். பத்திரிகை அடிப்பது நான்கு நாள் தள்ளிப்போனால் ஓடியாடிச் சமாளிக்கலாம். மண்டபம் கிடைக்காவிட்டால் கல்யாணத் தேதியே ஆடிப்போகும்.

இப்போது இன்னொன்று. எல்லா ஏற்பாடும் பிரமாதம், பந்திகூடத் தயார். ஆனால் பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. யாரோ ஒருவர் 1098-க்கு போன் செய்தால் போதும், அதிகாரிகள் மண்டபத்துக்கே வந்து நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடும் அந்த இடத்தில் செல்லாது. வயதை முதல் நாளிலேயே பார்த்திருக்க வேண்டும்.

நாள் குறித்துப் பின்னோக்கித் திட்டமிட்டு, எது தள்ளலாம், எது தள்ளக்கூடாது என்று பிரித்து நடத்துவதற்குப் பெயர் திட்ட மேலாண்மை. நாட்டின் சட்டம், வாங்கும் நாட்டின் சட்டம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட விதிகள் ஆகிய மூன்றுக்கும் உட்பட்டு நடந்து, அதற்கான சான்றையும் கையில் வைத்திருப்பது சட்ட இணக்கம். தொழிலில் ‘கம்ப்ளையன்ஸ்’ என்பார்கள். பஞ்சிலிருந்து கடை ஷெல்ஃப் வரை ஒரு பொருள் கைமாறிப் போகும் முழு வழிதான் சப்ளை செயின்.

அந்தச் செயின் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும். சொன்ன நாளில் போனதா? சொன்ன எண்ணிக்கை போனதா? தரம் சரியா? கணக்குப் போட்ட செலவுக்குள் முடிந்ததா? நாள் தவறினால் மற்றவையும் கூடவே சரியும். கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகும். அந்தச் செலவில் ஆர்டரின் லாபம் மொத்தமும் கரைந்துவிடும்.

ஒரு டி-ஷர்ட் ஆர்டர்

ஒரு மாதிரி ஆர்டர் வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய பையர் (சரக்கை வாங்கும் நிறுவனம்), 40,000 டி-ஷர்ட், 90 நாளில் ஷிப்மெண்ட். ஒரு பீஸுக்குச் சுமார் 200 கிராம் துணி என்றால் மொத்தம் 8 டன்.

இந்த 8 டன் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நூல் ஒரு மில்லில், நிட்டிங் ஒரு இடத்தில், சாயம் இன்னொரு இடத்தில், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீர்செய்வது) வேறு இடத்தில், பிரிண்டிங் அடுத்த தெருவில், தையலில் ஒரு பகுதி ‘பவர்டேபிள்’ எனப்படும் ஏதோ ஒரு சிறு தையல் யூனிட்டில். ஒரு டி-ஷர்ட் பத்துப் பதினைந்து கைகள் மாறும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நாள் குறிக்கும் தாள்தான் ‘டைம் அண்ட் ஆக்‌ஷன்’ அட்டவணை. சுருக்கமாக டி அண்ட் ஏ.

அதில் முதல் சில வரிகளில் ‘லேப் டிப்’ என்று ஒன்று வரும். பையர் கேட்ட நிறத்தைச் சின்னத் துணித் துண்டில் சாயமேற்றிப் பார்ப்பது. உள்ளங்கை அளவுத் துண்டுகள், ஏ, பி, சி என்று மூன்று சாயல்கள், ஒரு அட்டையில் ஒட்டியிருக்கும். அதை ஒரு லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சம் போன்ற விளக்கிலும் கடை விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் அசலாகப் பொருந்தும் நேவி ப்ளூ, இன்னொரு விளக்கில் லேசாகச் சிவந்து தெரியும். பையர் ‘பி’ ஓகே என்று சொல்லும்வரை சாயப்பட்டறையில் ஒரு கிலோகூட ஏற்ற முடியாது.

லேப் டிப் ஓகே ஒரு நாள் தாமதமானால் சாயம் ஒரு நாள், கட்டிங் ஒரு நாள், தையல் ஒரு நாள் என்று கடைசி நாள் வரை தள்ளும். இப்படி, ஒன்று நகர்ந்தால் முடிவுத் தேதியும் நகரும் வேலைகளின் சங்கிலிக்கு ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று பெயர். 1957-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைகளின் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் உருவாக்கிய கணக்கு முறை இது. இன்று பனியன் கம்பெனி வரை வந்துவிட்டது. அட்டைப்பெட்டி, பாலிபேக், ஹேங்டேக் போன்றவை அந்தப் பாதையில் இல்லை. ஒரு வாரம் தாமதமானாலும் கடைசித் தேதி கெடாது. அந்த ஒரு வாரத் தளர்வுதான் ‘ஸ்லாக்’.

சுருக்கமாக இதுவரை: எந்த வேலைக்குத் தளர்வு உண்டு, எதற்கு இல்லை என்று தெரிந்தவர் சரியான இடத்தில் அவசரப்படுவார். தெரியாதவர் எல்லா இடத்திலும் கத்திக்கொண்டிருப்பார்.

அதே டெஸ்ட், வேறு நாள்

இப்போது இந்த அட்டவணைக்குள் சட்டத்தைக் கொண்டுவருவோம்.

‘அசோ’ என்ற வகைச் சாயங்களில் சில, சிதையும்போது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அமீன்கள் என்ற வேதிப்பொருட்களை வெளிவிடும். அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ரீச்’ சட்டம், உடலில் படும் துணியில் அந்தக் குறிப்பிட்ட அமீன்கள் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. துணியை லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்க வேண்டும். சில நாள் ஆகும்.

எப்போது அனுப்புவது? பல கம்பெனிகளில் இது ‘ஷிப்மெண்ட் டாக்குமெண்ட்’ என்ற தலைப்பில், அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். துணி தைத்து, அயர்ன் செய்து, பேக் ஆனபின் ரிப்போர்ட் ஃபெயில் என்று வந்தால் கையில் இருப்பது விற்க முடியாத 40,000 பீஸ். சாயமேற்றிய துணி நிலையில் தெரிந்தால் 8 டன் துணி பாழ், ஆனால் தையல் கூலி மிஞ்சும். லேப் டிப் நிலையிலேயே, சாயப்பட்டறை எந்தச் சாயம் போடப்போகிறது, அதற்குச் சான்று உண்டா என்று கேட்டு, அந்தத் துண்டையே டெஸ்ட் செய்திருந்தால் பாழானது உள்ளங்கை அளவுத் துணி.

அதே டெஸ்ட், அதே கட்டணம். செய்யும் நாள் மட்டும் வேறு.

ஒவ்வொரு சட்டத் தேவையும் நாள் எடுக்கும் ஒரு வேலை. எனவே அதற்கும் அட்டவணையில் ஒரு வரி வேண்டும். அந்த வரி எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு மலிவு.

2011 ஜனவரி 28

சட்டத்தை அட்டவணைக்கு வெளியே வைத்தால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் ஊரே சேர்ந்து பார்த்திருக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீரில் இருக்கும் சாயத்தை நூலுக்குள் தள்ளுவது அதுதான். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது, அலசும் தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். நிறத்தையும் அழுக்கையும் சாதாரணச் சுத்திகரிப்பில் எடுத்துவிடலாம். கரைந்த உப்பு அதில் போகாது. அந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. தென்னை பட்டது, கிணறு உப்பானது. ஒரு ஊரின் ஏற்றுமதிக் கணக்கில் வராத செலவை இன்னொரு ஊர் தன் நிலத்தால் கட்டியது. இதைச் சொல்லாமல் கம்ப்ளையன்ஸ் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது, அதாவது ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ நிலையை எட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. கெடு வந்தது, நீண்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் கெடு கொடுத்தது. அதுவும் கடந்தது. 2011 ஜனவரி 28 அன்று, அந்த நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அன்று நிட்டிங் மெஷினுக்கு எந்தக் குறையும் இல்லை. தையல் ஆள் இருந்தார்கள், பையர் இருந்தார், ஆர்டர் இருந்தது. நடுவில் ஒரே ஒரு கண்ணி நின்றது, அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் நின்றது. வெள்ளைத் துணியை லாரியில் ஏற்றி வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் அனுப்பிச் சாயமேற்றி வந்தார்கள். கூலியோடு லாரி வாடகை சேர்ந்தது. அதைவிட முக்கியமாக, கிரிட்டிக்கல் பாத்தில் புதிதாக நாட்கள் சேர்ந்தன.

ஜீரோ டிஸ்சார்ஜ் என்பதே பெரிய ஒரு திட்டம்தான். பல சிறு பட்டறைகள் சேர்ந்து பணம் திரட்ட வேண்டும், தொழில்நுட்பம் தேர்ந்தெடுக்க வேண்டும், கட்ட வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சிறு முதலாளிகளுக்கு அது சுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் தேதி தெரிந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி நடத்தியிருக்க வேண்டிய வேலையை, தேதி மறுபடியும் நீளும் என்று நம்பித் தள்ளிவைத்ததன் விலை மிகப் பெரியது.

இன்று கழிவு நீர், சவ்வு வழியாக உயர் அழுத்தத்தில் செலுத்தப்பட்டு நல்ல தண்ணீராகப் பட்டறைக்குத் திரும்புகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலையும் சாய வேலைக்கே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மீதியை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். அந்தக் கரண்ட் செலவும் விறகுச் செலவும் சாயக் கூலியில் சேர்ந்தே வருகிறது. அதையே ஐரோப்பிய பையரிடம் திருப்பூர் தன் பலமாகவும் சொல்கிறது.

திட்டமிடுபவர் கவனிக்க வேண்டியது இங்கே ஒன்று உண்டு. ஒரு சாயப்பட்டறை ஒரு நாளில் எவ்வளவு துணி முடிக்கும் என்பது மெஷின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்தது இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவு நீரைச் சுத்திகரிப்புக்கு அனுப்பலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் (இயங்குவதற்கான அனுமதியில்) ஒரு அளவு இருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் பழுது பார்க்கும் வாரத்தில் அதுவும் குறையும். பட்டறைக்காரர் பத்து நாளில் முடிப்பேன் என்றால், அந்தப் பத்து நாள் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்க வேண்டும்.

தாமதம் சட்ட மீறலாக மாறும் விதம்

இதுவரை சட்டம் அட்டவணையை எப்படி நிறுத்தும் என்று பார்த்தோம். தலைகீழாகவும் நடக்கும். கெட்டுப்போன அட்டவணை சட்டத்தை மீற வைக்கும். தொழிலில் அதிகம் பேசப்படாத பக்கம் இது.

பையர் லேப் டிப் ஓகே சொல்லப் பத்து நாள் தாமதம் செய்கிறார். ஷிப்மெண்ட் தேதியை மட்டும் மாற்றவில்லை. துணி தாமதமாக வருகிறது. 25 நாள் தையலை 15 நாளில் முடிக்க வேண்டும். இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, இரவு ஷிப்ட், ஞாயிறு வேலை. வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்து இருக்கும் விதி. ஓவர்டைமுக்கும் உச்சவரம்பு உண்டு. அதெல்லாம் அந்தப் பதினைந்து நாளில் காற்றில் போகும். இன்னொன்று, பையருக்குத் தெரியாமல் ஏதோ ஒரு யூனிட்டுக்குத் துணியை வெட்டி அனுப்புவது. அங்கே யார் தைக்கிறார்கள், வயது என்ன, நெருப்புப் பிடித்தால் வெளியேற வழி உண்டா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் மறைக்கும் வேலை தொடங்கும். வருகைப் பதிவில் ஞாயிறு விடுமுறை என்று எழுதுவார்கள். ஆனால் தொழிற்சாலையைச் சோதிக்க வரும் அனுபவமுள்ள ஆடிட்டர் வருகைப் பதிவோடு நிற்பதில்லை, உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்பார். தையலில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடியெடுத்து, டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுதி, அதன் பிறகே புது ஊசி கொடுக்க வேண்டும். குழந்தை போடும் உடையில் ஊசி முனை போய்விடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விடுமுறை என்று எழுதிய ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு, பதினான்காம் நம்பர் ஓவர்லாக் தையல் மெஷினில் ஒரு ஊசி உடைந்து ஒட்டப்பட்டிருந்தால் கதை முடிந்தது. ஓவர்டைம் ஒரு குறை என்றால், பொய்க் கணக்கு அதைவிடப் பெரிய குறை. அதோடு ஆர்டரே போகும்.

இதன் கோர எல்லை வங்கதேசத்தில் நடந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. மறுநாள் கீழ்த் தளத்தின் வங்கியும் கடைகளும் மூடியே இருந்தன. மேல் தளங்களின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அன்று காலை கட்டடம் சரிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதியில்லாமல் கட்டிய மாடிகள், கனமான ஜெனரேட்டர்கள் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. விரிசலைப் பார்த்த பிறகும் ஒரு நாள் வேலை நிறுத்த முடியாத அளவுக்கு நாள் நெருக்கடி இருந்தது என்பதையும் அந்தக் காரணங்களோடு வைக்க வேண்டும்.

எனவே ஆர்டரை எடுக்கும்போதே தளர்வு நாட்களை வைப்பது வசதிக்காக மட்டும் இல்லை, தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையும் உயிரும் அதில்தான் இருக்கின்றன. பையர் தரப்பு ஓகே எத்தனை நாள் தள்ளினால் ஷிப்மெண்ட் அத்தனை நாள் தள்ளும் என்று ஆர்டர் ஷீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். பையர் சம்மதிக்க மாட்டார் என்பார்கள். எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள்தான். ஆனால் 2023 ஜனவரியில் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையரிடம் மனித உரிமை மீறல் நடக்கும் அபாயத்தை ஆராய வேண்டியிருக்கிறது. தங்கள் வாங்கும் முறையே அந்த அபாயத்தை உண்டாக்குகிறதா என்பதும் அந்த ஆராய்ச்சியில் வரும். அவர்களிடம் இந்தப் பேச்சை எடுக்க இப்போது ஒரு பிடி இருக்கிறது.

பஞ்சு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்களுக்கு இன்னொரு வரி உண்டு. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உருவான எதுவும் கட்டாய உழைப்பில் உருவானது என்றே எடுத்துக்கொள்ளும் சட்டம் அங்கே 2022 ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது. தெளிவான சான்று காட்டினால்தான் சரக்கு நுழையும். சந்தேகம் வந்தால் துறைமுகத்தில் பிடித்து வைத்துவிட்டுக் காகிதம் கேட்பார்கள். அங்கே நாம் செய்வது, நம் பஞ்சு அந்தப் பகுதியிலிருந்து வரவில்லை என்று காட்டுவதுதான்.

அதற்கு பேல் (பஞ்சுப் பொதி) லாட் எண், நூல் லாட் எண், துணி லாட் எண், கட்டிங் பதிவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். முடிந்த பொருளிலிருந்து மூலப்பொருள் வரை பின்னோக்கிப் போய்க் காட்ட முடிவதற்கு ‘ட்ரேசபிலிட்டி’ என்பார்கள். நூல் வாங்கிய அன்று லாட் எண்ணை எழுதி வைக்காமல், மூன்று மில் நூலை ஒரே குடோனில் கலந்துவிட்டால், எந்தத் திறமையான ஆளாலும் அதை 85-வது நாளில் உருவாக்க முடியாது. எழுதுவது ஒரு நிமிட வேலை, ஆனால் அதற்கான நிமிடம் ஒரே ஒரு முறைதான் வரும்.

எங்கே தொடங்குவது

சின்ன யூனிட்டுக்குப் புது சாஃப்ட்வேரோ கன்சல்டண்டோ தேவையில்லை. இருக்கிற டி அண்ட் ஏ ஷீட்டில் மூன்று நெடுவரிசை சேர்த்தால் போதும்: இந்த வேலைக்கு எந்தச் சட்டம் அல்லது விதி பொருந்தும், அதற்கான சான்று எது, அது கையில் இருக்க வேண்டிய நாள் எது. சாயம் என்ற வரிக்கு எதிரே சாயச் சான்று, வாரிய இசைவாணை எந்தத் தேதி வரை செல்லும் என்பது. தையல் வரிக்கு எதிரே எத்தனை மெஷின், எத்தனை பேர், 48 மணி நேரத்தில் எத்தனை பீஸ். அந்தக் கணக்கு 40,000-ஐ எட்டவில்லை என்றால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்போது ஆர்டரைக் குறைக்கலாம், தேதியைப் பேசலாம், பையர் அங்கீகரித்த யூனிட்டைச் சேர்க்கலாம்.

நான்காவதாக ஒரு நெடுவரிசையையும் சேர்க்கச் சொல்வேன், ஜாப் ஒர்க் (வெளியில் கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) பில் தேதி. 2006-ன் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். கெடு தவறினால் பணம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரிக் கணக்கோடும் இதைக் கட்டிவிட்டது. பவர்டேபிள் வைத்திருப்பவர் சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். உங்கள் பில் மூன்று மாதமாக நிலுவையில் இருந்தால், அவர் உங்கள் துணிக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, காசு கொடுப்பவரின் துணியைத்தான் முதலில் மெஷினில் ஏற்றுவார். உங்கள் ஷீட்டில் அது ‘தையல் தாமதம்’ என்று மட்டும் பதிவாகும்.